கூகுளிடமிருந்து தப்பிக்க முதலில் ஒரு கூகுள் போன் வாங்கவும்

தேவையானவை: கூகுள் பிக்சல் போன் ஒன்று. லேப்டாப் ஒன்று. யூஎஸ்பி கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் உதவாது, டேட்டாவும் போக வேண்டும். வீட்டு டிராயரில் சுருண்டு கிடப்பவற்றில் எது எந்த ரகம் என்று ஒவ்வொன்றாகச் செருகித்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. இப்போது கையில் இருக்கும் பழைய போன். அதை எக்சேஞ்சில் போட்டுவிட வேண்டாம், காரணம் போகப் போகத் தெரியும்.

கூகுள் நம்மைக் கண்காணிக்கிறது என்றுதானே இந்த வேலையில் இறங்குகிறோம், பிறகு எதற்குக் கூகுளுக்கே பணம் கட்ட வேண்டும்? எல்லோரும் இதைக் கேட்பார்கள். உங்கள் மைத்துனர் கேட்டுவிட்டு, சுற்றியிருப்பவர்களை ஒரு முறை பார்த்துச் சிரிக்கவும் செய்வார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டின் அடிப்படைக் கோடு திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். வேவு பார்க்கிற வேலையில் பெரும்பங்கு அதன் மேல் ஏற்றி வைத்திருக்கும் கூகுள் பிளே சர்வீசஸுடையது. அதைக் கழற்றிவிட்டு, பாதுகாப்பையும் கூட்டி, கிராஃபீன் ஓஎஸ் என்று ஒரு இயங்குதளத்தைச் சிறு குழு ஒன்று உருவாக்கித் தருகிறது. 2014-இல் வேறு பெயரில் தொடங்கி, 2018-இல் சண்டை போட்டுப் பிரிந்து, 2019-இலிருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. அது வளர்ந்ததெல்லாம் பிக்சலில்தான். போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடுவது பூட்லோடர். பிக்சலில் அதைத் திறந்து வேறு இயங்குதளத்தை ஏற்றலாம், ஏற்றிய பிறகு திரும்பவும் பூட்டலாம். பல நிறுவனங்கள் திறக்கவே விடுவதில்லை. திறக்க விடுகிறவர்களிலும் பலர் திரும்பப் பூட்ட வழி வைப்பதில்லை. பூட்டாத பூட்லோடர் உள்ள போனைக் கையில் எடுக்கிற யாரும் அதில் எதையும் ஏற்றிவிடலாம், அப்புறம் அந்தரங்கம் எங்கிருந்து வரும்? இவ்வளவையும் நீங்கள் சொல்லி முடிக்கும்போது மைத்துனர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார்.

விலைக்கு வருவோம். 2025-இல் பிக்சல் 9ஏ இந்தியாவில் ரூ. 49,999-க்கு இறங்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். எவ்வளவு ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை.

புதிது கட்டுப்படியாகாதென்றால் சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போகலாம். அங்கே ஒரு எச்சரிக்கை. "யூஎஸ் பீஸ் சார், அன்லாக்டு" என்பார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை, அவர் சொல்வது சிம் லாக்கை. உங்களுக்கு வேண்டியது பூட்லோடர். அமெரிக்காவில் வெரைசான் நிறுவனம் விற்ற பிக்சலில் எந்த சிம்மும் வேலை செய்யலாம், ஆனால் பூட்லோடர் திறக்காது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே செட்டிங்ஸுக்குள் போய், பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். போனை இன்டர்நெட்டில் இணைத்து, ஓஇஎம் அன்லாக்கிங் என்ற பொத்தான் நகர்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தால், போனைத் துடைத்துத் திரும்பக் கொடுத்துவிட்டு அடுத்த கடை. ஏழு முறை தட்டியதைப் பார்த்த கடைக்காரர் எப்படியும் உங்களிடம் விலை குறைக்கமாட்டார்.

பணத்தை ரொக்கமாகக் கொடுங்கள். அந்தரங்கப் போன் வாங்கியதற்கே வங்கிக் கணக்கில் தடயம் இருந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நோட்டை எண்ணி வைத்ததும் கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து, "நம்பர் சொல்லுங்க சார்" என்பார். நீங்கள் பத்து இலக்கத்தையும் சொல்லி முடித்திருப்பீர்கள். பால் பாக்கெட் வாங்கும் இடத்திலிருந்து ஜவுளிக்கடை வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பில் போட மொபைல் நம்பர் தந்தே ஆகவேண்டும் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக்கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அதைக் கவுன்ட்டரில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பின்னால் நிற்கும் வரிசை உங்கள் அந்தரங்க உரிமையைப் பற்றித் தன் கருத்தைத் தெரிவிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நிறுவும் வேலை. உண்மையில் இது எளிது. கிராஃபீன் ஓஎஸ் தளத்தில் வெப் இன்ஸ்டாலர் இருக்கிறது. கேபிளைச் செருகி, திரையில் சொல்கிற வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் போதும். ஆனால் உலாவி போனுடன் யூஎஸ்பி வழியாகப் பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும். திறந்த மூலத்தின் செல்லப்பிள்ளையான ஃபயர்ஃபாக்ஸ் இதைச் செய்வதில்லை, கொள்கையாகவே மறுத்துவிட்டது. குரோம், எட்ஜ், பிரேவ் போன்றவைதான் செய்யும். லேப்டாப்பில் ஏற்கெனவே இருப்பது குரோம் என்பதால் அதையே திறப்பீர்கள். ஆக, கூகுள் போனை, கூகுள் உலாவி வழியாக, கூகுளிடமிருந்து மீட்கிறீர்கள். பூட்லோடரைத் திறக்கும்போது ஒரு முறை எல்லாம் அழியும், கடைசியில் பூட்டும்போது இன்னொரு முறை அழியும். இரண்டாவது அழிப்புக்குச் சோம்பல்பட்டுப் பூட்டாமல் விட்டுவிடாதீர்கள். பூட்டவில்லை என்றால் நீங்கள் செய்தது வெறும் அலங்காரம்.

இனி ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும், இந்தப் போன் வேறு இயங்குதளத்தை ஏற்றுகிறது என்று. அதைத் தாண்டினால் கறுப்புத் திரை, அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஐகான்கள். வால்பேப்பர் கிடையாது. வீட்டில் காட்டினால், "இதுக்கா அம்பதாயிரம்?" என்பார்கள். பதில் பேச வேண்டாம். நேரே பின் நம்பர் அமைக்கப் போங்கள்.

பின் விஷயத்தில் இரண்டு வசதிகள். முதலாவது, ஒவ்வொரு முறையும் எண்களின் இடத்தைக் கலைத்துப் போடுவது. 29சி பஸ்ஸில் தோளுக்குப் பின்னால் நிற்பவர் விரல் போகிற திசையை வைத்து உங்கள் பின்னைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இரண்டாவது, டியூரஸ் பின் என்ற இன்னொரு எண். யாராவது மிரட்டிப் பின்னைக் கேட்டால் இதைச் சொல்லலாம். போட்ட மறுகணம் போனில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், கேள்வி கேட்காது, திரும்பவும் வராது. இதற்கு என்ன எண் வைப்பது என்பது தனிக் கலை. பிறந்த தேதியை வைக்கலாம் என்று ஓர் ஆலோசனை உண்டு, திருடன் முதலில் முயல்வது அதுவாகத்தான் இருக்கும் என்பதால். உங்கள் அண்ணன் பையன் முதலில் முயல்வதும் அதுதான்.

அனுமதிகள் பகுதிக்கு வந்தால் கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் போன் தகுமா என்று கேட்டால் இந்தப் பகுதிக்காகவே தகும் என்பேன். சாதாரண ஆண்ட்ராய்டில் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றுக்கு ஆப் உங்களிடம் அனுமதி கேட்கும், இன்டர்நெட்டுக்குக் கேட்காது, எடுத்துக்கொள்ளும். இங்கே அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. டார்ச் ஆப்பும் கால்குலேட்டரும் வெளியே யாரோடும் பேச வேண்டிய அவசியமில்லை, அணைத்துவிடலாம். பஞ்சாங்க ஆப் இருப்பிடம் கேட்டால் கூட நியாயம், சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறும், ராகுகாலத்தைச் சரியாகக் கணிக்க ஊர் தெரிய வேண்டும் என்பார்கள். காண்டாக்ட்ஸ் எதற்கு? உங்கள் சம்பந்தி நம்பருக்கும் எமகண்டத்துக்கும் என்ன தொடர்பு? மறுத்தால் சில ஆப்கள் திறக்கவே திறக்காது. அதற்குத்தான் காண்டாக்ட் ஸ்கோப்ஸ். அனுமதி கிடைத்துவிட்டதாக ஆப் நம்பும், திறந்து பார்த்தால் முகவரிப் புத்தகம் காலியாக இருக்கும். ஒரு ஆப்பை ஏமாற்றுவதில் இவ்வளவு மனநிறைவு இருக்கிறது என்பது அதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆப்களுக்கு எஃப்-டிராய்ட். 2010-இலிருந்து இருக்கும் கடை. எல்லாமே இலவசம், எல்லாமே திறந்த மூலம். ஒரு ஆப்பில் விரும்பத்தகாத குணம் ஏதாவது இருந்தால் கடையே அதைப் பக்கத்தில் எழுதி வைத்துவிடுகிறது. அங்கே கிடைக்காததை கிட்ஹப்பிலிருந்து நேரடியாக எடுக்கலாம். கிட்ஹப் 2018-இலிருந்து மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம். அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

கோடு திறந்து கிடக்கிறது, யாரும் படித்துச் சரிபார்க்கலாம் என்பதுதான் இந்தச் சமயத்தின் மூல மந்திரம். நீங்கள் படிக்கப் போவதில்லை. நானும் படிப்பதில்லை. யாரோ படித்திருப்பார்கள் என்று எல்லோருமாக நம்புகிறோம். 2024 மார்ச் இறுதியில் இந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்தது. லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கக் கருவிக்குள் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் வைத்த கதவு. கண்டுபிடித்தது யாரும் கோடைப் படித்ததால் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று எரிச்சல்பட்டுத் தோண்டியதால். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில். மறுபக்கமும் உண்டு. 2023-இல் சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற புகழ்பெற்ற ஆப் தொகுப்பை அதன் உரிமையாளர் ஒரு நிறுவனத்துக்கு விற்றார். கோடு திறந்து கிடந்ததால், உடன் உழைத்தவர்கள் அதை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தார்கள். கேலரி, கேலண்டர் இரண்டுக்கும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறது.

தமிழில் எழுத இண்டிக் கீபோர்ட். பாஸ்வேர்டுக்குக் கீபாஸ் டிஎக்ஸ். யூடியூபுக்கு நியூபைப்: கணக்கு வேண்டாம், விளம்பரம் இல்லை, திரையை அணைத்தாலும் பாட்டு ஓடும். யூடியூப் உள்ளே எதையாவது மாற்றினால் ஒரு நாள் காலை எந்த வீடியோவும் திறக்காது, அடுத்த அப்டேட் வரும்வரை ரேடியோ கேட்கலாம்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மேண்ட். இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்குகின்றன, 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துகொண்டிருக்கும் வரைபடம். இன்டர்நெட் இல்லாமலே வழி சொல்லும். நீங்கள் தேடும் கல்யாண மண்டபம் அதில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம், அதற்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது. ஏன் தெரியாது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கத்திப்பாராவில் கூகுள் காட்டும் சிவப்புக் கோடு, அங்கே மாட்டிக்கொண்டு நிற்பவர்களின் போன்கள் அனுப்பும் இருப்பிடத்தால் ஆனது. நீங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டீர்கள். ஆகவே முன் சீட்டில் இருக்கும் மனைவியிடம், "உன் போன்ல டிராஃபிக் எப்படி இருக்குன்னு பாரேன்" என்று கேட்கவும். அவருடைய இருப்பிடத்தைக் கொடுத்து உங்கள் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறீர்கள். இதை அவரிடம் விளக்க வேண்டிய தேவையில்லை.

அடுத்தது, குடும்பத்தை வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னல் என்ற ஆப்புக்கு மாற்றுவது. இது நடக்காது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றியபோது ஊரே சிக்னலில் சேர்ந்தது, ஒருவருக்கொருவர் "வந்துட்டேன்" என்று செய்தி அனுப்பிக்கொண்டு, பொங்கல் வாழ்த்தை வாட்ஸ்அப்பில் போட்டது. வாட்ஸ்அப்பும் 2016-இலிருந்து சிக்னலின் குறியாக்க முறையையே பயன்படுத்துகிறது, செய்தியின் உள்ளடக்கத்தை இடையில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை. யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார்கள் என்பது வேறு கணக்கு. அதை உங்கள் பெரியம்மாவிடம் சொன்னால், "அதான் எனக்கே தெரியுமே" என்பார்.

எனவே வாட்ஸ்அப் இருந்தாக வேண்டும். அதற்குத் தனி யூசர் ப்ரொஃபைல் உருவாக்கி, அதற்குள் கூகுள் பிளேயையும் நிறுவுங்கள். ஆமாம், கூகுள் பிளேயைத்தான். கிராஃபீன் ஓஎஸ்ஸில் அது சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லாத சாதாரண ஆப்பாக ஓடும், எதற்கும் உங்களிடம் அனுமதி கேட்டு நிற்கும். வீட்டுக்காரராக இருந்தவர் ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்த மாதிரி. தொழில்நுட்ப ரீதியாக இது அருமையான ஏற்பாடு. சிக்கல் வேறு இடத்திலிருந்து வரும்.

"காலையிலேருந்து மெசேஜ் போடறேன், பாக்கவே இல்லியேடா?"

"வாட்ஸ்அப் வேற ப்ரொஃபைல்ல இருக்கு அத்தை. மாத்திட்டுத்தான் பாக்கணும்."

"கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்கு, உனக்கு எதுக்குடா ரெண்டாவது ப்ரொஃபைலு? அவளுக்குத் தெரியுமா?"

அந்தரங்கப் போன் வாங்கிய நாளிலிருந்து உங்கள் அந்தரங்கத்தின் மேல் குடும்பத்துக்கு இதுவரை இல்லாத அக்கறை பிறக்கும். எண்கள் இடம் மாறும் பின், ஃபோட்டோ இல்லாத கறுப்புத் திரை, இரண்டாவது ப்ரொஃபைல், தானே மறையும் செய்திகள். டிவி சீரியலில் இவை எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அடையாளம்.

இப்போது பணம். வங்கி ஆப் திறந்தவுடன் பிளே இன்டெக்ரிட்டி என்ற வழியாகக் கூகுளிடம் ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் போனை நம்பலாமா? போன வாரம்கூடப் பாதுகாப்பு அப்டேட் வாங்கிய, பூட்லோடர் பூட்டிய உங்கள் போனுக்கு முழுமையான நற்சான்று கிடைக்காது, ஏனென்றால் அதில் இருப்பது கூகுள் அங்கீகரித்த இயங்குதளம் இல்லை. பல ஆண்டுகளாக ஒரு அப்டேட்கூடப் பார்க்காத, கம்பெனி கைவிட்ட பழைய போனுக்குச் சான்று கிடைத்துவிடும். சில வங்கிகள் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆப் நன்றாகவே ஓடும். சில இன்று ஓடும், அப்டேட்டுக்குப் பிறகு ஓடாது. சில, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை மட்டும் அணைத்துப் பாருங்கள். வங்கிக்குப் புகார் எழுதினால், ஆப்பை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவச் சொல்லிப் பதில் வரும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஸ்டார் 99 ஹாஷ் என்று டயல் செய்தால் இன்டர்நெட்டே இல்லாமல் யூபிஐ அனுப்பலாம், பட்டன் போனுக்காக வந்த வசதி. டீக்கடையில் இதைச் செய்து பாருங்கள்: மெனுவில் ஒன்றை அழுத்தி, நம்பரைப் போட்டு, தொகையைப் போட்டு, கடைசிப் பின்னுக்கு வரும்போது இணைப்பு அறுந்துவிடும், டீயும் ஆறியிருக்கும். ரொக்கம் இதைவிட மேல். கணக்குத் தொடங்க வேண்டாம், அப்டேட் வேண்டாம், எந்தச் சர்வரிலும் பதிவாகாது. ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் மட்டும், "சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணுங்க" என்று பதில் வரும்.

பழைய போனை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். யூபிஐ, வங்கி, ரயில் டிக்கெட், சிலிண்டர் புக்கிங், பள்ளிக்கூட ஆப் எல்லாம் அதில் இருக்கட்டும். யூபிஐக்கு சிம் அந்தப் போனில் இருந்தாக வேண்டும் என்பதால் சிம்மும் அங்கேயே. ஓடிபி வருவதும் அங்கே. இனி வெளியே கிளம்பும்போது ஒரு பாக்கெட்டில் உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாத போன், இன்னொரு பாக்கெட்டில் எல்லாம் தெரிந்த போன். இரண்டும் ஒரே வேட்டியில், ஒரே திசையில் போகும்.

புதுப் போனுக்கென்று இன்னொரு சிம் வாங்கலாம் என்று தோன்றும். வாங்குங்கள், ஆதார் கொடுத்து, கடையில் கண் சிமிட்டி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு. டவருக்கு உங்கள் இயங்குதளம் எதுவானாலும் ஒன்றுதான், எந்த நேரத்தில் எந்த டவரின் கீழ் இருந்தீர்கள் என்பது அழைப்புப் பதிவோடு சேர்ந்து நிறுவனத்திடம் இருக்கும். இந்தப் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்கச் சொல்லி 2021 டிசம்பரில் உத்தரவே இருக்கிறது. ஏரோப்ளேன் மோடில் போட்டால் இது நிற்கும், நீங்கள் போன் வைத்திருப்பதற்கான காரணமும் சேர்ந்து நிற்கும்.

அதையும் தாண்டி, உங்களால் செட்டிங்ஸ் மாற்ற முடியாத போன்கள் சில இருக்கின்றன. உங்கள் நம்பரும் பெயரும் உறவினர், நண்பர், பிளம்பர், பிள்ளையின் டியூஷன் டீச்சர் என்று ஊர்ப்பட்ட பேருடைய காண்டாக்ட்ஸில் இருக்கின்றன. கடன் ஆப், வரன் தேடும் ஆப், ஜாதக ஆப் என்று எது கேட்டாலும் அவர்கள் "அலவ்" கொடுப்பார்கள். உங்கள் பிறந்தநாளை ஒருவர் கேலண்டரில் குறித்திருப்பார், வீட்டு விலாசத்தை இன்னொருவர் லொகேஷனோடு சேமித்திருப்பார். காண்டாக்ட் ஸ்கோப்ஸ் உங்கள் போனில் இருக்கும் அவர்களைக் காப்பாற்றுகிறது. அவர்கள் போனில் இருக்கும் உங்களை அல்ல. சித்தப்பா போனில் கிராஃபீன் ஓஎஸ் ஏற்ற முடியுமா என்று ஒரு கணம் யோசிப்பீர்கள். முடியாது. அவருக்குக் காலை வணக்கம் படங்கள் பளிச்சென்று தெரிய வேண்டும்.

கல்யாணங்களில் கூடுதல் கவனம் தேவை. நீங்கள் இருப்பிடத்தை அணைத்து, வரைபடத்தை ஆஃப்லைனில் பார்த்து, ரொக்கத்தில் மொய் எழுதி, தடயமே இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைந்திருப்பீர்கள். பந்தியில் உட்காருவதற்குள் மூன்று பேர் செல்ஃபி எடுத்திருப்பார்கள். அவை இரவுக்குள் அவரவர் கூகுள் ஃபோட்டோஸில் ஏறி, முகம் வாரியாகப் பிரிந்துவிடும். கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒரு வழி. செய்தால் மறுநாள் காலை குடும்பக் குரூப்பில், "மாமா ஏன் எல்லா ஃபோட்டோவுலயும் கோவமா அந்தப் பக்கம் பாத்துட்டு இருக்காரு?" என்று கேள்வி வந்திருக்கும். பெண் வீட்டாரும் அந்தக் குரூப்பில் இருப்பார்கள். உடனே விளக்கம் கொடுத்தாக வேண்டும். குரூப் இருப்பது இரண்டாவது ப்ரொஃபைலில், அதற்குள் போகப் பின் போட வேண்டும், எண்களோ இடம் மாறியிருக்கும். பதற்றத்தில் பிறந்த தேதியைப் போட்டுவிடாதீர்கள்.